பச்சைத் தண்ணீர் என்று எழுதிய பலகை

அந்தப் பலகையை எழுதியது நான்தான். வேறு யார் கையும் அதில் படவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மற்றதை எழுத எனக்குக் கை வரும்.

எட்டாம் வகுப்பு வரை படித்தவன் நான். ராஜபாளையத்தில் சைக்கிள் கடைகளுக்கும் டீக்கடைகளுக்கும் பெயர்ப்பலகை எழுதிக்கொண்டிருந்தேன். மோட்டார் வேலையும் ஓரளவு தெரியும். எண்பதுகளின் நடுவில் ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டைவிட்டு மலைப்பக்கமாகத் தள்ளி ஒரு கல்லூரி வந்தது. பெயர் வேண்டாம். அங்கே மோட்டார் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். பலகை எழுதத் தெரியும் என்பதால் அந்த வேலையும் என் தலையிலேயே விழுந்தது. அங்கே எல்லோருக்கும் நான் ‘பாய்’. என் பெயரைக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள்.

இடம் வெறும் பொட்டல். எதிரே மலை பச்சையாக நிற்கும். மழை பெய்த மறுநாள் அய்யனார் கோவில் அருவியில் குளிக்க ஊரே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பும். எங்கள் வளாகத்திலோ எத்தனை அடி போர் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான். குடிக்கிற தண்ணீர் டிராக்டரில் வந்து, மெஸ்ஸுக்குப் பின்னால் ஒரு தொட்டியில் இறங்கும். மாணவர்கள் நட்ட கன்றுகளுக்கு உப்புத் தண்ணீரை ஊற்றினோம். ஒரே கோடையில் எல்லாம் கருகின. அடுத்த வருடமும் நட்டோம், கருகின.

அப்போதுதான் சிவில் டிபார்ட்மெண்டுக்கு மெட்ராஸிலிருந்து ஒரு சார் வந்தார். ஒல்லியான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு வாய்க்காலில் இறங்கிப் பார்ப்பார். ஹாஸ்டல் குளியலறைத் தண்ணீர், சமையலறைத் தண்ணீர், செப்டிக் டேங்கிலிருந்து வழிகிற தண்ணீர் எல்லாம் பின்பக்கக் காட்டில் தேங்கி நாறிக்கொண்டிருந்ததைக் காட்டி என்னிடம் சொன்னார்.

“இவ்வளவு தண்ணியை ஒரே ஒரு தடவை தொட்டுட்டுத் தூக்கி எறியறோமே பாய். இது பாவமில்லையா?”

எனக்கு அந்தப் பேச்சு நெஞ்சில் பட்டது. ஓடுகிற ஆற்றங்கரையில் உட்கார்ந்து தொழுகைக்குக் கை, கால், முகம் கழுவி ஒளு எடுத்தாலும் வீண்செலவு செய்யக்கூடாது என்று மதரசாவில் கேட்டு வளர்ந்தவன் நான். அன்றிலிருந்து அந்த வேலையை என் வேலையாகவே செய்தேன்.

மூன்று தொட்டி கட்டினோம். முதல் தொட்டியில் கசடு கீழே இறங்கும். இரண்டாவதில் ஜல்லி, மணல், கரி. மூன்றாவதில் கல்வாழை நட்டிருந்தோம். அதன் வேர்கள் மிச்ச அழுக்கை உறிஞ்சிவிடும் என்றார் சார். கடைசியில் வருகிற தண்ணீரைச் சின்ன மோட்டார் வைத்து வளாகம் முழுக்கக் குழாயில் அனுப்பினோம். முப்பது நாற்பது அடிக்கு ஒரு திருகுக் குழாய். அதில் ரப்பர் டியூபை மாட்டிக் கன்றுகளுக்கு விட வேண்டியதுதான். வேம்பு, புங்கன், வாகை எல்லாம் ஆளுயரத்துக்கு எழும்பின. வந்து பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

குழாய்கள் கலந்துவிடக்கூடாது என்று சார் நிறம் பிரித்தார். குடிநீருக்கு நீலம், உப்புத் தண்ணீருக்குக் கறுப்பு, தொட்டித் தண்ணீருக்குப் பச்சை. ஒவ்வொன்றுக்கும் தகரப் பலகை. என்ன எழுத வேண்டும் என்று ஒரு தாளில் அவரே எழுதித் தந்தார். முதல் இரண்டிலும் ‘குடிநீர்’, ‘உப்புத் தண்ணீர்’. மூன்றாவதில் ‘பச்சைச் செடிகளுக்கு மட்டுமான மறுபயன்பாட்டுத் தண்ணீர்’ என்று இருந்தது.

தகரத்தை ஒரே அளவில் வெட்டிவிட்டேன். மூன்றாவது வாசகம் அதில் அடங்கவில்லை. எழுத்தைச் சின்னதாக்கினால் தூரத்திலிருந்து தெரியாது. பலகை எழுதுகிறவனுக்கு எழுத்து அடங்காமல் போவதைப் போல ஒரு மானக்கேடு கிடையாது. செத்த நேரம் யோசித்துவிட்டு நானே சுருக்கினேன். ‘பச்சைத் தண்ணீர்’. உப்புத் தண்ணீருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஜோடி போட்ட மாதிரி இருந்தது. சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“சுருக்கமா, அழகா இருக்கே பாய்” என்றார்.

அன்று சாயங்காலம் வாட்ச்மேன் பலகையைப் பார்த்துவிட்டு ஓயாமல் சிரித்தார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர், எதற்கெடுத்தாலும் நையாண்டி.

“ஏன் பாய், பச்சைத் தண்ணிக்குப் போர்டு வச்சுட்டீய, சரி. வென்னி எந்தக் குழாயில வரும்? சொன்னா நானும் மேலுக்கு ஊத்திக்கிடுவேன்லா?”

“ஒமக்கு வேணும்னா அடுப்பு மூட்டித் தாரேன், வாரும்” என்றேன் நான். இரண்டு பேரும் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் கேட்கிறது. எச்சரிக்கை ஒருவர் வாய் வழியாக என் முன்னால் வந்து நின்றது. நான் அதை வேடிக்கைப் பேச்சென்று அனுப்பிவிட்டேன்.

என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு ஒரே தங்கை. அவளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை கொத்தனார், தங்கமான மனுஷன். நிக்காஹ் ஆகி ஆறு வருடம் பிள்ளை இல்லை. நடுவில் இரண்டு தடவை தங்காமல் போய்விட்டது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நோன்பு மாசியில் வந்த ஒரு வருடம், அவளுக்கு ஆறாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. வீட்டில் யாரும் அதைச் சத்தமாகப் பேசுவதில்லை. பேசினால் கண் பட்டுவிடும் என்று எங்கள் அம்மாவுக்குப் பயம். இந்தப் பிள்ளையாவது நிலைக்க வேண்டும். ஐந்து நேரத் தொழுகையிலும் என்னுடைய துஆ அது ஒன்றுதான்.

அந்த நோன்பு தொடங்கிய வாரம்தான் மாப்பிள்ளை எங்கள் கல்லூரியில் புது லைப்ரரிக் கட்டட வேலைக்கு வந்தார். நான்தான் மேஸ்திரியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டேன். வேலை நடந்த இடத்துக்கு மெஸ்ஸிலிருந்து நல்ல தூரம். பக்கத்திலேயே இரண்டு குழாய்கள். ஒன்றில் உப்புத் தண்ணீர் என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் என்ன எழுதியிருந்தது என்று சொல்லிவிட்டேன்.

சேத்தூரிலிருந்து வருகிற ஆட்கள் அதற்கு இரண்டு மாதம் முந்தியே அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நோன்பின் நடுவில் அவர்களில் ஒரு சித்தாள் வரவில்லை. பிறகு இரண்டு கொத்தனார்கள் வரவில்லை.

“சேத்தூர்ல என்னமோ காய்ச்சலாம். வாய்க்கு எதுவும் பிடிக்கலைங்காவ. வெயிலு ஏறுதுல்லா” என்றார் மேஸ்திரி.

நானும் வெயில் என்றே நினைத்தேன். மோட்டாரை ஓட்டினேன். கல்வாழையில் சிவப்புப் பூ பூத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை ஒரு கண்ணாடி பாட்டிலை என் கையில் கொடுத்தார். அது நிறையத் தண்ணீர்.

“மச்சான், ஜும்ஆவுக்குப் போறீயல்லா? இதை லெப்பைகிட்ட ஓதி வாங்கிட்டு வாங்க. ஒங்க தங்கச்சிக்கு, நல்லபடியாப் பெத்துப் பிழைக்கணும்னு. எங்க தெருக் குழாய்ல வாரம் ஒருக்கா வருது, அதுவும் செம்மண்ணாக் கெடக்கு. அதான் நல்ல தண்ணியாப் பிடிச்சேன்.”

எங்கே பிடித்தீர்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. வெயிலுக்கு நேராக உயர்த்திப் பார்த்தேன். கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நிறம் மாறக்கூடாது, மணம் மாறக்கூடாது, ருசி மாறக்கூடாது, அப்படி இருந்தால் அது சுத்தமான தண்ணீர் என்று சின்ன வயதில் ஓதிக் கொடுத்திருந்தார்கள். மூடியைத் திறந்து முகர்ந்தும் பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. நாங்கள் கட்டிய தொட்டிகள் அவ்வளவு நன்றாக வேலை செய்தன.

பள்ளிவாசல் லெப்பை ஓதி, மூன்று தடவை ஊதிக் கொடுத்தார். “தினமும் ஒரு மிடறு. குறையக் குறைய வேற தண்ணி ஊத்தி நிரப்பிக்கிடட்டும், ஓதினது போயிராது” என்றார். எங்களில் அது வழக்கம். சாயங்காலம் நோன்பு திறக்கிற நேரத்துக்கு முன்னால் தங்கை வீட்டில் கொடுத்தேன். மாசமாக இருந்ததால் அவளுக்கு நோன்பு இல்லை. என் எதிரிலேயே பிஸ்மி சொல்லி, கண்ணை மூடி, ஒரு மிடறு குடித்தாள். மிச்சத்தை அலமாரியில் ஓதுகிற கிதாபுகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். பாட்டில் குறையும்போதெல்லாம் மாப்பிள்ளை வேலைத்தளத்திலிருந்து பிடித்து வந்து நிரப்பியிருக்கிறார். அது எனக்குப் பின்னால்தான் தெரியும்.

பெருநாள் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். மாப்பிள்ளை வேலைக்கு வரவில்லை. போய்ப் பார்த்தேன். பாயில் சுருண்டு கிடந்தார். சோற்று வாடை பட்டாலே குமட்டுகிறது என்றார். வாசலுக்குக் கூட்டிவந்து கண்ணைப் பார்த்தால், விழி வெளுப்பு எல்லாம் மஞ்சள் கரைத்து ஊற்றிய மாதிரி. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தும் நிற்காமல் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். அங்கே ஒரு டாக்டரம்மா பார்த்தார்கள்.

“எங்க தண்ணி குடிக்கிறீங்க?”

“வேலை பாக்குற எடத்துலதாம்மா. நோம்பு தொறந்ததும் அதுலதான்.”

“எந்தக் குழாய்ல மாப்ள?” என்றேன் நான்.

என்னை வினோதமாகப் பார்த்தார். “பச்சைத் தண்ணிக் குழாய்லதான். வேற எதுல குடிப்பாவ? இன்னொண்ணு உப்புத் தண்ணில்லா. நீங்கதான மச்சான் போர்டு எழுதிருக்கீய?”

பலகையை அந்தத் தண்ணீரைக் குடித்த ஒருவர் முதல் தடவையாக எனக்கு வாசித்துக் காட்டினார். அடுப்பில் வைக்காத, அப்படியே மொண்டு குடிக்கிற தண்ணீருக்கு எங்கள் ஊரில் வேறு பெயர் உண்டா?

டாக்டரம்மாவிடம் எல்லாம் சொன்னேன். பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்கள்.

“இவருக்குப் பயமில்ல. ஓய்வெடுத்தா சரியாயிரும். வீட்டுல யாராவது மாசமா இருக்காங்களா?”

“என் தங்கச்சி. ஏழு முடியப்போகுது.”

“அவங்க அந்தத் தண்ணி குடிச்சாங்களா?”

வாய் திறந்து ஆமாம் சொன்னது மாப்பிள்ளைதான். அப்போதுதான் பாட்டிலின் கதை எனக்குத் தெரிந்தது.

“குடிச்சு ஒரு மாசம், ஒன்றரை மாசம் கழிச்சும் வரலாம். வராமலும் போகலாம். மாசமா இருக்கறவங்களுக்கு வந்தா ஆபத்து, தாய்க்கும் பிள்ளைக்கும். காலையில, பகல் வெளிச்சத்துல கண்ணைப் பாருங்க. பல்பு வெளிச்சத்துல எல்லாமே மஞ்சளாத்தான் தெரியும். நிறம் மாறுன அன்னிக்கே கூட்டிட்டு வந்திரணும்.”

நேரே தங்கை வீட்டுக்குப் போனேன். அலமாரியில் பாட்டில் இருந்தது. அடியில் இரண்டு விரல்கடைத் தண்ணீர். அதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். ஓதிய தண்ணீரைக் கால் படுகிற இடத்தில் ஊற்றக்கூடாது. சுவரோரம் ஒரு மாதுளைச் செடி நின்றது. அதன் வேரில் ஊற்றினேன். பச்சைச் செடிக்கு மட்டுமான தண்ணீர் அன்றைக்குத்தான் அந்த வீட்டில் செடிக்குப் போய்ச் சேர்ந்தது.

“ஏண்ணே கொட்டுறீய?” என்று பின்னால் வந்து நின்றாள் தங்கை.

“பழசாப் போச்சும்மா. புதுசா ஓதி வாங்கிட்டு வாரேன்.”

பொய் சொன்னேன். அவள் புருஷனுக்கு வந்திருப்பது வெயில் காமாலை என்றும் சொன்னேன்.

மறுநாள் சாரிடம் போனேன். சொல்லி முடிக்கும் வரை நின்றுகொண்டே கேட்டார். பிறகு வெளியே வந்து, லைப்ரரிப் பக்கத்துப் பலகை முன்னால் போய் நின்றார்.

“நீங்க தமிழ்ல எழுதியிருக்கீங்க பாய். நான் இதை இங்கிலீஷ்ல வாசிச்சிருக்கேன்” என்றார். பச்சை என்றால் அவருக்குச் செடியும் மரமும் சுற்றுச்சூழலும்தான். எனக்கு அது நிறம். கொத்தனாருக்கு அது குடிக்கிற தண்ணீர். ஒரே சொல்லை மூன்று பேரும் பார்த்தோம். குடித்தவன் மட்டும்தான் சரியாக வாசித்தான்.

அன்றே திருகுக் குழாய்களின் கைப்பிடிகளைக் கழற்றினேன். சார் சேத்தூருக்கே பஸ் ஏறிப் போய்ப் படுத்தவர்களைப் பார்த்துவிட்டு வந்தார். அவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள், ரப்புக்கே புகழ்.

அதற்குப் பிறகு நான் செய்த ஒரே வேலை தங்கையின் கண்ணைப் பார்ப்பது. ஃபஜ்ர் தொழுதுவிட்டு முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விடுவேன். பஸ் வளைவு திரும்பும்போது கோபுரத்தின் பின்னால் வானம் மஞ்சளடித்துக்கொண்டு வரும். அந்த நிறமே எனக்கு ஆகவில்லை. வாழைப்பழம் விற்கிற வண்டியைப் பார்த்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவள் முற்றத்தில் முகம் கழுவ வருகிற வரை காத்திருப்பேன். ஏதாவது பேச்சுக் கொடுப்பேன், கண்ணைப் பார்ப்பேன், வெள்ளையாக இருக்கும். அன்றைக்கு ஒரு நாள் கிடைத்தது என்று திரும்புவேன். அடுத்த பஸ்ஸில் ஏறும்போதே நாளைக் காலை வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும்.

இருபது நாள் போலப் போனது. சித்திரை வெயில் கொளுத்தியது. ஒரு காலையில் அவள் முகத்தைத் துடைத்தபடியே கேட்டாள்.

“என்னண்ணே, தெனமும் விடியமுன்ன வாரீய, என் கண்ணையே பாக்கீய? சுருமா கரைஞ்சு கெடக்கோ?”

“ஒண்ணுமில்ல புள்ள.”

“சொல்லுங்க. அவியளும் அப்படித்தான் பாக்காவ. ரெண்டு பேரும் சேந்து என்னத்த மறைக்கீய?”

சொன்னேன். பலகை, குழாய், பாட்டில், எல்லாம். அழுதுகொண்டே சொன்னேன். அவள் அழவில்லை. வயிற்றில் கை வைத்தபடி திண்டில் உட்கார்ந்தாள்.

“எம்புட்டு நாளாச்சு?”

“நீ மொதல்ல குடிச்சு நாப்பதுக்கு மேல.”

“அப்ப வந்திருந்தா இதுக்குள்ள வந்திருக்கும்லா?”

“ஆமா. இனி வராது.”

இனி வராது என்று நான் எந்த வாயால் சொன்னேனோ. அதற்கு ஐந்தாம் நாள் காலை அவள் முகம் கழுவ முற்றத்துக்கு வரவில்லை. உள்ளே போனேன். தலையணையில் சாய்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அவளாகவே இமையை விரலால் விலக்கிக் காட்டினாள்.

“பாருங்கண்ணே. வெளிச்சத்துக்கு வரணுமா?”

வர வேண்டிய தேவை இருக்கவில்லை.

வேன் பிடித்து மதுரைக்குக் கொண்டுபோனோம். மூன்று நாள் அவளுக்கு ஆளே தெரியவில்லை. எங்கள் அம்மாவை யாரென்று கேட்டாள். பிறகு கேட்பதும் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருந்த ஒரு சின்னப் பள்ளிவாசலில் நான் தலையைத் தரையிலிருந்து எடுக்கவில்லை. அங்கே நான் கேட்டதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு உயிரையும் சேர்த்துக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இவ்வளவு பெரிய தப்பைச் செய்தவன் அவ்வளவு கேட்கலாமா என்று ஒரு கூச்சம். தங்கையைக் கேட்டேன். அவளை மட்டும் கேட்டேன்.

பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. ஆண் பிள்ளை. அவள் பிழைத்தாள். நாலாம் நாள் கண் விழித்து அம்மாவை அம்மா என்று கூப்பிட்டாள். நான் கேட்டதை ரப்பு அப்படியே கொடுத்துவிட்டான். அவனுடைய ரஹ்மத்து, அந்தக் கருணை எம்புட்டுப் பெரிசென்று தெரிந்தும் நான்தான் அளந்து கேட்டேன். அன்றிலிருந்து துஆவில் நான் எதையும் அளந்து கேட்பதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கபர்ஸ்தானில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான குழி. மஞ்சள் முழுக்க இறங்காத கண்ணோடு மாப்பிள்ளையே அதில் இறங்கிப் பிள்ளையை வாங்கினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

சார் வேலையை விட்டுப் போகப் பார்த்தார். நான்தான் போகவிடவில்லை. அவர் நினைத்ததில் தப்பில்லை. தண்ணீரை வீணாக்கக்கூடாது என்பது இன்றைக்கும் சரிதான். திட்டம் நிற்கவில்லை. குழாய்களைப் பூமிக்குள் புதைத்தோம், திருகே இல்லாமல். வால்வு எல்லாம் பூட்டுப் போட்ட பெட்டிக்குள். பலகையைப் பெரிய தகரத்தில் புதிதாக எழுதினேன். ‘கழிவுத் தண்ணீர். குடித்தால் உயிருக்கு ஆபத்து.’ பார்க்க அழகாக இல்லை. எழுத்து தகரத்தை அடைத்துக்கொண்டு நின்றது. சார் அதை வாய்விட்டு இரண்டு தடவை வாசித்தார். பிறகு வாட்ச்மேனைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். வாட்ச்மேன் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

பத்து வருடத்தில் அந்தப் பொட்டல் காடாகிவிட்டது. வாகை நிழலில் பிள்ளைகள் உட்கார்ந்து படித்தார்கள். வெளியூரிலிருந்து பார்க்க வந்தவர்களுக்கு நான்தான் தொட்டிகளைச் சுற்றிக் காட்டுவேன். “தண்ணி எவ்வளவு தெளிவா இருக்கு!” என்று யாராவது குனிந்து கை வைக்கப் போனால் என்னையறியாமல் கத்திவிடுவேன். அவர்கள் திடுக்கிட்டுக் கையை இழுத்துக்கொள்வார்கள்.

அந்தப் பிள்ளை போய் வெகுநாள் நான் தங்கை வீட்டுக்குப் போகவில்லை. ஒரு பெருநாளுக்கு அம்மா வற்புறுத்தி அனுப்பினாள். வாசலில் நின்றேன். பின்பக்கத்து மாதுளை சுவருக்கு மேல் வளர்ந்து, செக்கச் செவேலென்று பூத்திருந்தது. உள்ளே வரச் சொல்லிவிட்டு அவள் சமையற்கட்டுக்குப் போனாள். வீட்டுக்கு வந்த யாருக்கும் முதலில் கொடுப்பது போல, ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினாள்.

“குடிங்கண்ணே. வெயில்ல வந்திருக்கீய.”

செம்பில் தண்ணீர் தெளிவாக இருந்தது. அடி தெரிந்தது. நான் குனிந்து அதையே பார்ப்பதை அவள் பார்த்தாள். கண்ணை எடுக்காமல் நின்றாள். எந்தத் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை. பிஸ்மி சொல்லிக் குடித்தேன்.